தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை ஓர் அதிசயம் அல்ல. வாசற் கதவைத் திறந்தால் ஒரு மலை. கொல்லைக் கதவைத் திறந்தால் இன்னொரு மலை. சுருளி அருவியில் குளித்திருக்கிறோம்; முல்லையாற்றில் நீந்தியிருக்கிறோம்; குமுளிக்கு ஏறும்போது மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறோம். ஆனால் அக்கரை கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் என்று ஒன்று இருக்கிறதே, அதன் பேரில் எங்கள் ஊராருக்கு உள்ள மோகம் சொல்லி முடியாது. தேனி ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆகையால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் உல்லாசப் பிரயாணம் என்று பேச்சு எடுத்தவுடனே, "எந்தக் கடல், சார்?" என்பதுதான் பிள்ளைகளின் முதல் கேள்வி.

அப்படிப்பட்ட பிரயாணம் ஒன்றில்தான், எட்டு வருஷங்களுக்கு முன், நாற்பது மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நாம் முதன்முதலில் தரங்கம்பாடிக்குப் போனோம். பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி ஆகிய நான்கையும் இரண்டே நாளில் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. தரங்கம்பாடிக்கு ஒதுக்கிய நேரம் முக்கால் மணி. கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றினோம். பீரங்கிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். "1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, எழுதிக்கொள்ளுங்கள்" என்று கையைத் தட்டிச் சொன்னோம். பிறகு, "சரி, கொஞ்ச நேரம் காலை நனையுங்கள்" என்று பிள்ளைகளைக் கரையில் விட்டோம்.

எங்கள் பள்ளியில் முல்லையாற்றைக் குறுக்கே நீந்திக் கடப்பதில் பேர் பெற்ற பையன் ஒருவன் இருந்தான். ஆற்றை வென்றவனுக்குக் கடல் எம்மாத்திரம் என்று நினைத்தான் போலும். ஓர் அலை வந்து திரும்பிய நேரத்தில் அவனுடைய தலை இருந்த இடத்தில் நுரை மட்டுமே இருந்தது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் இருவர் பாய்ந்து, அவனைத் தலைமயிரைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அவர்களில் மூத்தவர் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆத்துத் தண்ணி தள்ளிக்கிட்டுப் போகும், சார், கடல் தண்ணி திரும்பி வந்து இழுக்கும். நீங்க மலைக்காரங்க, உங்களுக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் வழக்கம்போல் வியாசம் எழுதச் சொன்னோம். நாற்பது தாள்களில் முப்பத்தொன்றில் ஏறக்குறைய ஒரே வாக்கியம் இருந்தது: "டேனிஷ்காரர்கள் நமக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் கொடுத்தார்கள்." பிழையில்லாத தமிழ். வருஷமும் சரி. சிவப்பு மையால் சரி என்று போட்டுக் கையெழுத்தும் இட்டோம்.

இரவு படுத்த பிறகுதான் அந்த வாக்கியம் நெஞ்சில் குத்தியது. கோட்டையை யாருக்காகக் கட்டினார்கள்? பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீரைக் கிழக்கே திருப்பிய பொறியாளர் பென்னி குயிக்கின் படம் இன்றும் அநேகம் வீடுகளில் சுவாமி படங்களோடு தொங்குகிறது. லோயர் கேம்பில் அவருக்கு 2013-இல் மணிமண்டபமே எழுந்திருக்கிறது. நோயிலும் வெள்ளத்திலும் மாண்டுபோன கூலியாட்களோடு சேர்ந்து அந்த அணையைக் கட்டியவர் அவர். நெல் விளைந்த வயல்கள் சாட்சி சொல்கின்றன. 'வெள்ளைக்காரர் ஒன்றைக் கட்டினார் என்றால் நமக்காகத்தான் கட்டியிருப்பார்' என்று எங்கள் பிள்ளை நினைத்தால் அது அவன் ஊர் கற்றுக்கொடுத்த நன்றி. அணை வேறு, கோட்டை வேறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியது உபாத்தியாயரின் கடமை. நாம் அதைச் செய்யவில்லை.

இந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் தமையனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. தரங்கம்பாடி அங்கிருந்து ஐந்தாறு மைல்தான். மறுநாள் குடும்பத்தோடு போய், இந்தத் தடவை காலை முதல் மாலை வரை இருந்து பார்த்தோம். இரண்டு பிரயாணங்களிலும் கற்றுக்கொண்டதை, இனிப் போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

போகும் வழி

எங்கள் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்கள் மதுரையில் ரயில் ஏறினால் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போய்ச் சேரலாம். அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் சின்ன ரயில் ஒன்று ஓடிற்று. 1980-களில் அதை நிறுத்திவிட்டார்கள். முன்பு நாகப்பட்டினம் ஜில்லாவில் இருந்த ஊர் 2020-இல் உண்டான மயிலாடுதுறை ஜில்லாவில் சேர்ந்துவிட்டது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வழி கேட்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

போகத் தகுந்த மாதங்கள் தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும் எந்த நேரத்திலும் வரலாம். சித்திரை வெயிலில் கோட்டை மைதானத்தில் நிழல் என்ற பேச்சே இல்லை. பழைய மாளிகைகள் சிலவற்றைப் பெரிய ஹோட்டல்களாக மாற்றியிருக்கிறார்கள். வாடகையைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு மூச்சுத் திணறும். திருக்கடையூரிலோ, மயிலாடுதுறையிலோ, தெற்கே காரைக்காலிலோ தங்கிக்கொண்டு காலையில் வந்து மாலையில் திரும்புவது சௌகரியம். கோட்டைக் காட்சிசாலைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அது எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

தரங்கம்பாடியில் ஓசோன் காற்று வீசுவதாகவும் அது ஆரோக்கியத்துக்கு உகந்தது என்றும் பலர் சொல்லக் கேட்பீர்கள். ஓசோனை அளவுக்கு மேல் சுவாசித்தால் நெஞ்சுக்குக் கெடுதல் என்று சயன்ஸ் புத்தகம் சொல்கிறது. நல்ல வேளையாக அங்கே வீசுவது நல்ல கடற்காற்றுத்தான், தைரியமாகச் சுவாசிக்கலாம்.

முதலில் கோயில்

ஊருக்குள் நுழைந்ததும் எல்லாரும் கோட்டைக்கு ஓடுவார்கள். அந்தத் தவற்றை நாம் ஒரு தடவை செய்தாயிற்று. ராஜ வீதியின் வழியே நேரே கடலுக்குப் போங்கள். இரு பக்கத்துக் கட்டிடங்களையும் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். கடல் தெரிந்ததும் இடது புறம் திரும்பினால் கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. பாதிக் கோயில் என்று சொல்வதுதான் பொருத்தம். மற்றப் பாதி கடலுக்குள் போய்விட்டது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் இது. இங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. சோழ நாட்டுக் கடற்கரையில் மதுரைப் பாண்டியன் பெயரைப் பார்த்ததும், மதுரைச் சீமையிலிருந்து வந்த எங்களுக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் நிற்பது போல் இருந்தது. "நம்ம ராஜாவா!" என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்வாமிக்கா ராஜாவுக்கா என்று நாம் கேட்கவில்லை.

இங்கே இன்னொரு விஷயம். தரங்கம் என்றால் அலை. 'பாடி' என்பதைப் பாட்டோடு சேர்த்து 'அலைகள் பாடும் ஊர்' என்று பலரும் அழகாகப் பொருள் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாணியம்பாடியிலும் எடப்பாடியிலும் யார் பாடுகிறார்கள்? பாடி என்றால் குடியிருப்பு. அலைகளின் ஓரத்தில் ஜனங்கள் குடியிருக்கும் ஊர் என்று பொருள் கொண்டால் தமிழும் பிழைக்கும், அந்த ஜனங்களும் நம் கண்ணில் படுவார்கள்.

கோயிலை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டென்மார்க் தேசத்துக் கப்பல் வருவதற்கு 300 வருஷங்களுக்கு முன்பே இங்கே பட்டினம் இருந்தது, கோயில் இருந்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள் நுழைகிற பிள்ளை, வெறும் மணலில் யாரோ வந்து ஊர் உண்டாக்கினார்கள் என்று எழுதமாட்டான்.

கோட்டை

கோயிலிலிருந்து தெற்கே சில நிமிஷம் நடந்தால் டான்ஸ்போர்க் கோட்டை.

கோட்டை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-இல் தோன்றியது. ஓவே கெட்டே என்ற தளபதியின் தலைமையில் கப்பல்கள் முதலில் இலங்கைக்குப் போயின. அங்கே காரியம் பலிக்கவில்லை. முன்னால் வந்த கப்பல் ஒன்றைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் அரசர் ரகுநாத நாயக்கரின் சபையை அடைந்தார். 1620 நவம்பரில் நாயக்கர் டேனிஷ்காரருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, இந்த இடத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்ய அனுமதித்தார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதியனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. நம் தமிழ் எழுத்தைப் பொன்னில் பார்க்க வேண்டுமானால் அவ்வளவு தூரம் போக வேண்டும்!

அவர்கள் தேடி வந்த சரக்கு மிளகும் துணியும். மிளகு என்றதும் எங்கள் தமையனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குமுளி மலையில் வேலிக்கு வேலி படர்ந்து கிடக்கும் கொடிக்காகவா பனிக்கடலைத் தாண்டி இரண்டு வருஷம் கப்பலில் கிடந்து சீரழிந்தார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். "நம்ம வீட்டு ரசத்துக்கு இவ்வளவு கிராக்கியா!" என்றார்.

கோட்டையின் மத்தியக் கட்டிடம் கடலைப் பார்த்து இரண்டு தளங்களாக நிற்கிறது. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் வசித்தார்கள். கீழ்த்தளத்து வளைவு அறைகள் சரக்கு வைக்கவும், வெடிமருந்து வைக்கவும், மனிதர்களை அடைத்து வைக்கவும் பயன்பட்டன. தமிழ்நாடு தொல்லியல் துறையின் காட்சிசாலை இப்போது இங்கே இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, திமிங்கிலத்தின் எலும்பு என்று பலவும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் திமிங்கில எலும்பை விட்டு நகரமாட்டார்கள், நகர்த்தவும் வேண்டாம். பெரியவர்கள் மேல்தளத்துக்குப் படியேறி, மதில் மீது நின்று கடலைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். காற்று எங்கும் ஒன்றுதான்.

அந்த மதிலின் மேல் நின்றபோது, குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னோம். ஒரு சமயம் வெகு காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் இங்கே வரவில்லை. அவர்கள் தேசத்தில் யுத்தம். கம்பெனியிடம் பணம் இல்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டும் ஓடியும் போக, எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர் தலைவராகி, கடைசியில் அவர் ஒருவரே டேனிஷ்காரராக மிஞ்சினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்கிறார்கள். 1669-இல் ஒரு கப்பல் வந்து சேரும் வரையில் கொடியை இறக்காமல் காத்தார். கேட்பதற்கு வீரக் கதைதான். ஆனால் அத்தனை வருஷம் கோட்டை எதைக்கொண்டு ஜீவித்தது? வங்காளத்துக் கப்பல்களைக் கடலில் மறித்துக் கொள்ளையடித்த பணமும் அதில் சேர்ந்தது. நாம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னோம். வீரத்தை மட்டும் சொன்னால் பாதி. கொள்ளையை மட்டும் சொன்னாலும் பாதி.

எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "கவர்னர் பேர் எல்லாம் இருக்கே, இதைக் கட்டின கொத்தனார் பேர் எங்கேப்பா எழுதியிருக்கு?" என்றாள். நாம் அறைதோறும் போய்ப் பலகைகளைப் படித்துப் பார்த்தோம். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. முக்கால் மணி நேரப் பிரயாணத்தில் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

கடைசியில் கோட்டைக்கு வந்த கதி என்ன தெரியுமா? 1845-இல் டென்மார்க் அரசாங்கம் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. கோட்டை, வீதி, ஜனங்கள் எல்லாம் ஒரே கிரயப் பத்திரத்தில். 'நமக்குக் கட்டிக் கொடுத்தது' என்றால் விற்றபோது நம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்களா?

மணலில் எழுதிய மாணவர்

கோட்டையை விட்டு ராஜ வீதியில் மேற்கே திரும்பி நடந்தால், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வரும். அதற்கு முன்பே, 1701-இல் டேனிஷ்காரர் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சீயோன் ஆலயமும் அதே வீதியில் இருக்கிறது. எருசலேம் ஆலயத்துக்குள் பார்த்தலோமேயு சீகன்பால்குவின் சமாதி உண்டு. எந்த மதத்தவராயினும், தமிழ்ப் புத்தகம் ஒன்றையாவது கையில் எடுத்துப் படித்தவர்கள் அங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம்.

சீகன்பால்கு ஜெர்மானியர். டென்மார்க் அரசர் அனுப்பி, புளுட்சோ என்பவருடன் 1706 ஜூலை 9-ஆம் தேதி இங்கே வந்து இறங்கினார். வந்த காரியம் மதப் பிரசாரம். அதற்குத் தமிழ் வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி அ, ஆ படித்தார். உபாத்தியாயராகிய நமக்கு அவரைப் பற்றிய விஷயங்களில் இதுதான் மிகவும் பிடித்தது. இருபத்து நான்கு வயசு மனிதர் ஐந்து வயசுக் குழந்தைகளின் வரிசையில் உட்காரக் கூச்சப்படவில்லை.

கற்ற தமிழை அவர் வீணாக்கவில்லை. சுவடிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு விவரப் பட்டியலும் தயாரித்தார். இலக்கணம் எழுதினார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூல், அனுப்பினவர்களுக்குப் பிடிக்காமற்போய், 1867-இல்தான் அச்சாயிற்று. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இங்கே பிறந்தது என்று சிலர் சொல்லுவார்கள், அது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் இடையில் அறுந்துபோன அச்சுத் தொழிலை மறுபடியும் ஊன்றி நிற்கச் செய்த ஊர் தரங்கம்பாடி. புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1714, 1715-இல் இங்கே அச்சாயிற்று. காகிதத்துக்குக் கஷ்டம் என்று பக்கத்துப் பொறையாற்றில் ஆலை ஒன்றும் ஏற்படுத்தினார்கள்.

இப்படிப்பட்டவரை அவருடைய கவர்னரே 1708-இல் பிடித்து, நாம் சற்று முன் பார்த்தோமே, அந்தக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். வியாபாரத்துக்கும் அதிகாரத்துக்கும் இவர் இடைஞ்சல் என்பது கவர்னரின் எண்ணம். சீகன்பால்கு 1719-இல், முப்பத்தாறாம் வயசில் காலமானார். ஒரே தேசத்துக் கப்பல்கள் கவர்னரையும் கொண்டுவந்தன, இவரையும் கொண்டுவந்தன. அந்நியர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அவரவர் என்ன எடுத்துப் போக வந்தார், என்ன விட்டுப் போனார் என்று தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீதியின் மேற்குக் கோடியில் வெள்ளை அடித்த நகர வாசல் இருக்கிறது. அதன் மேல் டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற வருஷமும் காணலாம். இதன் வழியாகத்தான் காலையில் உள்ளே நுழைந்திருப்பீர்கள், அப்போது கவனித்திருக்கமாட்டீர்கள்.

கடலோரத்தில் ஜாக்கிரதை

கடலோரத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். கரையில் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அவை கடலைத் தடுப்பதற்கு. நாம் ஏறி விளையாடுவதற்கு அல்ல. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குளிக்க இறங்க வேண்டாம். ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் மணிக்கு ஒரு தரம் தலைகளை எண்ணுங்கள். நாம் இந்தத் தடவை ஏழு பேரைத்தான் அழைத்துப் போனோம். ஆனாலும் நாள் முழுவதும் எண்ணிக்கொண்டே இருந்தோம். மதினி சிரித்தார். அவருக்கு முதல் பிரயாணத்தின் கதை தெரியாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் எழுந்த ஆழிப் பேரலை இந்த ஊரில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கோட்டை நின்றது; மீனவர் குடிசைகள் நிற்கவில்லை. பழைய கட்டிடங்களைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இதை மறக்கலாகாது. மீனவர் தெருவுக்குள் போட்டோ எடுத்துக்கொண்டு திரிவது மரியாதையல்ல. கரையில் வலை பின்னுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் காற்பங்குகூட எந்தப் பலகையிலும் எழுதியிராது. எங்கள் மாணவனைக் காப்பாற்றினவரைத் தேடினோம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லையே, எப்படி அகப்படுவார்? அதுவும் முதல் பிரயாணத்தில் நாம் செய்த தவறுகளில் ஒன்று.

தில்லையாடி

பொழுது சாய்வதற்குள் கட்டாயம் போக வேண்டிய இடம் இன்னும் ஒன்று உண்டு. பக்கத்திலேயே தில்லையாடி. ஆட்டோ வைத்துக்கொண்டால் சீக்கிரம் போய் வரலாம். அங்கே மதில் இல்லை, பீரங்கி இல்லை. வள்ளியம்மையின் நினைவு மண்டபமும் நூல்நிலையமும் இருக்கின்றன.

வள்ளியம்மை பிறந்தது 1898-இல், தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கில். பெற்றோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கலியாணங்கள் செல்லா என்று 1913-இல் அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தியப் பெண்கள் காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். வள்ளியம்மையும் சிறை சென்றாள். சிறையில் ஜுரம் கண்டது. விடுதலையாகிச் சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி, பதினாறு வயசில் உயிர் நீத்தாள். காந்திஜி இந்தியாவுக்குத் திரும்பிய 1915-ஆம் வருஷமே தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். கோட்டையைப் பார்ப்பதற்காக அவர் அத்தனை தூரம் வரவில்லை.

கோட்டைக்குள் அத்தனை கேள்வி கேட்ட எங்கள் பெண் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. "என்னைவிட நாலு வயசுதான் பெரியவ" என்று மட்டும் சொன்னாள்.

கோயில், கோட்டை, அச்சு, தில்லையாடி என்ற இந்த வரிசையில் பார்த்தால் ஒரு நாள் முழுதும் ஆகும். மறுபடி மயிலாடுதுறைக்கு வரும்போது இருட்டிவிடும், கால் வலிக்கும், குழந்தைகள் மடியில் தூங்கிப்போவார்கள். ஆனாலும் இதைக் குறைத்துக்கொண்டு வேறோர் ஊரைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் ஆசைப்பட வேண்டாம்.

எட்டு வருஷங்களுக்கு முன் நாம் திருத்திய நாற்பது தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றனவோ தெரியாது. எழுதிய பிள்ளைகள் வளர்ந்து, படித்து, திருப்பூரிலும் சென்னையிலுமாகச் சிதறிப்போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய நோட்டு வீட்டுப் பரணில் அகப்பட்டால், "கட்டிக் கொடுத்தார்கள்" என்ற இடத்தில் நாம் சிவப்பு மையால் போட்ட சரியை அடித்துவிடவும். பிழை உங்களுடையது அல்ல.